இல்லாத காருக்கு நான் அடித்த முத்திரை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஐந்து பேருக்கும் வணக்கம். எந்தப் பாரத்தை எங்கே கொடுப்பது, எந்தச் சான்றுக்கு எத்தனை நகல் வைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு எழுதித் தரும்படி நம் செயலாளர் என்னைக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் எழுதி முடிப்பதற்குள் அந்த இணையதளத்தை மாற்றிவிடுவார்கள். அதோடு நீங்களெல்லாம் பீளமேட்டுக் கல்லூரிகளில் சமூகப்பணி படித்துவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக வந்திருப்பவர்கள். போன மாதம் உங்களைப் பார்க்க வந்தபோது, உங்களில் ஒரு தம்பி என்னையும் பயனாளி என்று நினைத்து ஆதார் எண் கேட்டார். அந்தச் சுறுசுறுப்புக்கு மேல் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

தப்புச் செய்வதில் மட்டும் எனக்கு இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் உண்டு. அதில் ஒன்றைச் சொல்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய தப்பையும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் முதல் தப்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பித்தான் இரண்டாவதைச் செய்தேன்.

நம் வேலை என்ன என்று யாராவது கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். மருத்துவக் காப்பீட்டு அட்டை, பிள்ளைகளுக்கான உதவித்தொகை, கணவரை இழந்தவர்களுக்கு மாதாமாதம் வரும் பணம் என்று அரசாங்கம் எத்தனையோ வைத்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் தாலுகா ஆபீஸ் படியேறினால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு எப்படியும் வருவார்கள். அதனால் பள்ளிக்கூடத்திலேயே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, அவர்களுக்கு வரவேண்டியதை வாங்கிக் கொடுப்பதுதான் நம் அறக்கட்டளையின் வேலை. கிணத்துக்கடவுப் பக்கத்தில் மூன்று அரசுப் பள்ளிகள் என் பொறுப்பில் இருந்தன. அங்கே பெரியவர்கள் என்னை டீச்சர் என்றும் பிள்ளைகள் மிஸ் என்றும்தான் கூப்பிட்டார்கள். நான் ஒரு பீரியடுகூடப் பாடம் எடுத்ததில்லை. மரியாதையாகத்தானே கூப்பிடுகிறார்கள் என்று நானும் திருத்தவில்லை.

அந்த ஊருக்குப் போன புதிதில், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, திட்டங்களையெல்லாம் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, “உதவி தேவைப்படுகிறவர்கள் கையைத் தூக்குங்கள்” என்றேன். தொண்ணூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கை எழவில்லை. அந்தக் கூட்டத்தில் அரிசிக்கே திண்டாடுகிற வீடு குறைந்தது பத்து இருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். வந்துவிட்டார் முதல் ஆள் என்று பேனாவைத் திறந்தேன்.

“ஏனுங்க டீச்சர், நீங்க சாப்டீங்களா? மொகமெல்லாம் வாடிக் கெடக்குதுங்களே” என்றார்.

அத்தனை பேரும் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். கூட்டம் முடிந்து கிளம்பும்போது என் கையில் நாலு தேங்காயும் ஒரு காதுகுத்துப் பத்திரிகையும் இருந்தன. உதவி செய்யப் போன எனக்கு உதவி செய்து அனுப்பியிருந்தார்கள்.

இந்தப் பக்கத்து மனிதர்கள் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். தனக்கென்று கேட்கத்தான் வாய் வராது, அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தால் உயிரே போனாலும் வராது. மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார்கள். ‘பாக்கலாமுங்க’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். ‘அப்பறம் வாரேனுங்க’ என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். ‘இருக்கட்டுங்க’ என்றால், தேவைதான், ஆனால் உங்களிடம் கேட்க மாட்டேன் என்று அர்த்தம். நான் கோவை நகரத்துக்குள்ளேயே பிறந்து, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவள். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மனிதர்களின் மரியாதையைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

புரிந்ததும் எனக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. என் யோசனைகளைப் பற்றி நம் செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார். யாரும் யார் முன்னாலும் கை தூக்க வேண்டாம். ஒரு பாரம் அச்சடித்து, பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். குடும்பத் தலைவர் என்ன வேலை செய்கிறார், வருமானம் எவ்வளவு, வீடு எப்படி, வண்டி உண்டா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா. வீட்டில் வைத்து நிரப்பி, பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் போதும். எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தேன். மூன்றே நாளில் அறுபத்திரண்டு பாரம் திரும்பி வந்தது. செயலாளர் என்னை மெச்சிக்கொண்டார்.

நம் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு, இப்போதும் இருக்கிறது. பாரத்தில் எழுதியிருப்பது சரிதானா என்று அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு, கீழே ‘நேரில் கண்டு சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அறுபத்திரண்டு தடவை அதைக் கையால் எழுதுவானேன் என்று டவுன்ஹால் பக்கம் போய் அந்த வாசகத்தை ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பாகச் செய்து வாங்கினேன். நேர்மையாகத்தான் தொடங்கினேன். முதல் நாள் ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர், பிறகு காபி, பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்ற வற்புறுத்தல். ஒன்பதாவது வீட்டில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. ஒன்பது பாரத்திலும் எழுதியிருந்தது வீட்டில் கண்டதோடு பொருந்தியது. அதனால் மிச்சமும் பொருந்தும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் தலைமையாசிரியர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு கையில் தேங்காய் பன்னும் மறு கையில் ஸ்டாம்ப்பும் வைத்துக்கொண்டு, ஐம்பத்து மூன்று பாரத்தை அரை மணி நேரத்தில் ‘நேரில் கண்டு’ முடித்தேன்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நீங்கள் இன்னும் ஐம்பது வீடு போகவில்லை, போய்விட்டு வந்து சிரியுங்கள்.

உதவி தேவைப்படுகிறவர்கள், தேவைப்படாதவர்கள் என்று பாரங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்தேன். வருமானச் சான்று கொடுப்பவர் அவர்தான். எங்கள் கணக்கெடுப்பு கையில் இருந்தால் அவருக்கும் வேலை குறையும். அப்போது இருந்தவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயதுதான் இருக்கும். ஊரில் எல்லோரும் வி.ஏ.ஓ. அம்மா என்பார்கள். என் மகளைவிடச் சின்னவர், ஆனால் அவர் முன்னால் உட்காரும்போது நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் உட்காருவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை சித்ரா என்கிற அம்மா என் மேசைக்கு வந்தார். வந்தார் என்பதுகூடச் சரியில்லை. வராந்தாவில் வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றார். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள், அவர் நின்றுகொண்டே இருந்தார். தென்னைநார் மில்லில் வேலை செய்பவர் என்பது புடவையில் ஒட்டியிருந்த நார்த்தூசியிலிருந்து தெரிந்தது. எல்லோரும் போன பிறகு நானே எழுந்து வெளியே போனேன்.

“சொல்லுங்க அம்மணி.”

“ஒண்ணுமில்லீங்க டீச்சர். சும்மாதானுங்க. நீங்க வேலையாட்டம் இருந்தீங்க.”

“இப்ப வேலை இல்லீங்க.”

“நல்லா இருக்கீங்களா டீச்சர்?”

நான் நன்றாக இருப்பதையும், மழை இல்லாததையும், தேங்காய் விலையையும் பேசி முடித்தோம். அவசரப்பட்டிருந்தால் அவர் ‘அப்பறம் வாரேனுங்க’ என்று போயிருப்பார். அந்த அளவுக்காவது நான் தேறியிருந்தேன். பிறகு அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவர் கணவர் மாணிக்கம் வாடகைக்குக் குட்டியானை ஓட்டுகிறவர். சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நாலு மாதமாக மூச்சு வாங்குகிறது, ஒரு மாதமாக வண்டி எடுக்கவில்லை. இதய வால்வு பழுதாகியிருக்கிறது, மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் கைக்காசு இல்லாமல் ஆபரேஷன் செய்துவிடலாம். வரும் வியாழக்கிழமைக்கு இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். வி.ஏ.ஓ. அம்மாவிடம் போனால், தர முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

“ஏனாம்?” என்று கேட்டேன்.

சித்ரா தலையைக் குனிந்துகொண்டார், அவர் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல.

“உங்க கணக்குல எங்களுக்கு ஒரு காரு இருக்குதுங்களாமாங்க டீச்சர். நாங்களும் ஊடெல்லாம் தேடிப் பாத்தோமுங்க. கெடைக்கலைங்க.”

அதைக் கேலியாகச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வரும்.

பீரோவைத் திறந்து பாரத்தை எடுத்தேன். எட்டாம் வகுப்பு, தர்ஷினி. அழகான கையெழுத்து, தலைப்புகளுக்குக் கீழே பச்சை ஸ்கெட்சில் கோடு. தந்தை தொழில்: டிரான்ஸ்போர்ட் அதிபர். வீடு: சொந்தம், மாடி. கார்: ஒன்று. ஃப்ரிட்ஜ்: இரண்டு. வருமானம் என்ற இடத்தில் எழுதியிருந்த தொகையைப் பார்த்தால் நம் அறக்கட்டளைக்கே அவர்கள் நன்கொடை தரலாம் போலிருந்தது. கீழே சித்ராவின் கையெழுத்து, அதே அழகான எழுத்தில். அதற்கும் கீழே, சாய்வாக, என் ஸ்டாம்ப். நேரில் கண்டு சரிபார்க்கப்பட்டது. அதன்மேல் என் கையெழுத்து.

வாய் வரைக்கும் வந்துவிட்டது, ‘உங்க பொண்ணு எழுதினதைப் பாருங்க’ என்று. எப்படியோ விழுங்கிக்கொண்டேன். “எங்க ஆபீஸ்ல ஏதோ தப்பு நடந்திருக்குதுங்க. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க” என்று அவரை அனுப்பினேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

மதிய இடைவேளையில் தர்ஷினியைக் கூப்பிட்டேன். இரட்டைப் பின்னல், நிமிர்ந்த பார்வை. வகுப்பு நடுவில் ஆள் அனுப்பிக் கூப்பிடாமல், தட்டைக் கழுவ வந்தவளைக் குழாயடியில் பிடித்தேன்.

“உங்க கார் என்ன கலர் கண்ணு?”

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வெள்ளைங்க மிஸ்.”

“ரெண்டு ஃப்ரிட்ஜ் எதுக்கு?”

“ஒண்ணு மாடிக்குங்க மிஸ்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. தட்டைக் குழாயில் மறுபடியும் கழுவினாள், அது சுத்தமாகத்தான் இருந்தது.

“அப்படி ஏன் எழுதுனே?”

“பாரத்தை லீடர்கிட்டத்தானுங்க மிஸ் குடுக்கோணும். அவன் ஒவ்வொண்ணா வாசிச்சுப்போட்டுத்தான் அடுக்குவான். கடைசி பெஞ்சுல இருந்து மொத பெஞ்சு வரைக்கும் எல்லாருமே படிச்சாங்க. பவித்ரா ஊட்டுல கக்கூஸ் இல்லைன்னு அவ எழுதியிருந்தா. அவ ரெண்டு நாள் ஸ்கூலுக்கே வரலைங்க மிஸ்.”

பெரியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் கை தூக்க வேண்டாம் என்று யோசித்த நான், அறுபத்திரண்டு பிள்ளைகளை அவர்கள் வகுப்பின் முன்னால் கை தூக்க வைத்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கஷ்டத்தை ஒரு தாளில் எழுதி, கையில் கொடுத்து, ஊர்வலம் விட்டிருக்கிறேன். பவித்ராவும் எனக்குத் தெரிந்த பெண்தான். இரண்டு நாள் ஏன் வரவில்லை என்று நான் கேட்டதே இல்லை. மிகவும் வெட்கமாக இருந்தது.

“மிஸ், நான் எழுதுனதுனால எங்கப்பாவுக்கு ஆபரேசன் பண்ண மாட்டாங்களாங்க?”

“நீ எழுதுனதுனால இல்லை கண்ணு. நான் வந்து பாக்காததுனால. அதை நான் சரி பண்றேன். நீ போய்ச் சாப்பிடு.”

“சாப்ட்டுட்டேனுங்க மிஸ்” என்று தட்டைக் காட்டினாள். என் பதற்றம் அந்த அளவில் இருந்தது.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும், எட்டு மாதம் தாமதமாக, அந்த வீட்டை நேரில் காணப் போனேன். நார் மில்லுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே அறை. மாடியும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை. நான் உட்காருவதற்காகப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மாணிக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து வணக்கம் சொல்லப் பார்த்து, பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். நாற்பது வயதுதான் இருக்கும்.

“இதுக்குப் போயி நீங்க எதுக்குங்க டீச்சர் அலையறீங்க. ரெண்டு மாசத்துல நானே வண்டி எடுத்துருவனுங்க. அட்டையெல்லாம் வேற கஷ்டப்பட்டவங்களுக்குக் குடுங்க” என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு.

சித்ரா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை எல்லாம் போய், பயம் மட்டும் இருந்தது. தர்ஷினி மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் இருந்தாள். அரை மணி நேரத்தில் ஒரு வரியும் எழுதவில்லை.

சனிக்கிழமையும் ஞாயிறும் அலுவலகம் இல்லை. செயலாளரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். “பொண்ணு தெரியாமத் தப்பா எழுதிருச்சுன்னு அந்தம்மாகிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கிக் குடுத்துருங்க. அது உண்மைதானே. விசயம் முடிஞ்சது” என்றார். அந்த இரண்டு நாளும் எனக்கு அது நல்ல வழியாகவே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை நடக்கும்போது உட்கார்ந்தபடி அந்த இரண்டு வரியை மனத்துக்குள் எழுதிக்கூடப் பார்த்தேன். கடவுள் என்ன நினைத்திருப்பாரோ.

திங்கட்கிழமை காலை வி.ஏ.ஓ. அலுவலகம். அந்த வீட்டில் கார் எதுவும் இல்லை என்று வி.ஏ.ஓ. அம்மாவிடம் சொன்னேன். அவர் தர்ஷினியின் பாரத்தின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஸ்டாம்ப் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இதுல ரெண்டுல ஒண்ணுதானுங்களே இருக்க முடியும். ஒண்ணு, அந்த ஊட்டுல பொய் எழுதியிருக்கோணும். இல்லீனா, நீங்க போகாமலே போனதா கையெழுத்துப் போட்டிருக்கோணும். எதுங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“அவங்க எழுதுனதுதான் தப்புன்னா, அந்த அம்மாவையும் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. எம் முன்னாடி அந்தப் பொண்ணு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஃபைல்ல வெச்சுட்டு இன்னைக்கே சான்று குடுத்தர்றனுங்க. நீங்க போகலைன்னா, அதை நீங்க எழுதிக் குடுங்க. ஆனா அப்பறம் உங்க லிஸ்ட் மொத்தத்தையும் நான் நம்ப முடியாதுங்க. திரும்ப விசாரிக்காம ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். உங்க ஆபீசுக்கும் ஒரு நகல் போகும்.”

கோபமே இல்லாமல், அத்தனை ‘ங்க’ போட்டுச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

யோசித்துப் பாருங்கள். இரண்டு வழியிலும் மாணிக்கத்துக்குச் சான்று கிடைத்துவிடும், இரண்டாவதில் விசாரணைக்குப் பிறகு. முதல் வழியில் எனக்கு ஒன்றும் இல்லை, மற்றக் குடும்பங்களுக்கும் தாமதம் இல்லை. பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி ஒரு தாளில் ‘நான் பொய் எழுதினேன்’ என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அதுவும் உண்மை. இரண்டாவது வழியில் என் வேலை போனாலும் போகலாம். நான் அங்கேயே தயங்காமல் முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது நான் அடித்த இன்னொரு ஸ்டாம்ப் ஆகிவிடும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். எனக்கு முழங்கால் வலி இருந்தது, பள்ளியில் அந்த வாரம் தேர்வு, பட்டியலை அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தினார்கள் என்று ஐந்து காரணம் தயார் செய்தேன். ஐந்தும் நல்ல காரணங்கள். ஆனால் குழாயடியில் கழுவின தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றவளைக் கூட்டிவந்து இந்த மேசை முன்னால் நிறுத்துவதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“ஒரு பேப்பர் குடுங்க” என்றேன்.

ஒன்பது வீடுகளுக்குத்தான் போனேன், ஐம்பத்து மூன்று வீடுகளுக்குப் போகாமலே முத்திரையிட்டேன், இந்தக் குடும்பத்தின் விவரம் தவறாக இருப்பதற்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வி.ஏ.ஓ. அம்மா அதை இரண்டு முறை படித்தார். தேங்காய் பன்னை நான் எழுதவில்லை, அது உங்களுக்கு மட்டும். படித்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்தார்.

“ஏறுங்க, போலாமுங்க.”

“எங்கேங்க?”

“நேர்ல காணத்தானுங்க” என்றார். அப்போதும் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்த அறையையும் மாணிக்கத்தையும் பார்த்தார், பக்கத்து வீட்டில் விசாரித்தார், கொடுத்த காபியைக் குடித்தார். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலையே சான்று வந்தது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை எண் கிடைத்தது. வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. நடுவில் நான் எத்தனை வரிசையில் நின்றேன் என்பதைச் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை.

“மீதி அம்பத்திரண்டும் உங்க பங்குங்க” என்று வி.ஏ.ஓ. அம்மா சொல்லியிருந்தார். நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் காபி. இன்னும் பல பிள்ளைகள் அந்தப் பாரத்தில் கதை எழுதியிருந்தார்கள். ஒருவனுடைய அப்பா பாரத்தில் போலீஸ், நேரில் பரோட்டா மாஸ்டர். உண்மையிலேயே மாடி வீடும் காரும் உள்ள ஒரு பையன், தன் நண்பனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஓலைக் குடிசை என்று எழுதியிருந்தான். உதவித்தொகைக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு என்னால் ஒன்றரை மாதம் தாமதம். அவர்கள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கென்னங்க டீச்சர், இருக்கட்டுங்க” என்றார்கள். அந்த ‘இருக்கட்டுங்க’வைக் கேட்பதற்கு என் முழங்கால் வலி எவ்வளவோ மேல். செயலாளர் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை, ஸ்டாம்ப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் பாரமும் பிள்ளைகள் கைவழியாகப் போனதில்லை. நீங்கள் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறீர்களே, அந்தத் தொல்லை என்னால் வந்ததுதான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மாணிக்கம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தனியாக, நடந்தே. மெலிந்திருந்தார், ஆனால் வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தேங்காய் விலையெல்லாம் பேசவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார். இந்தப் பக்கத்தில் யாரும் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

“டீச்சர், உங்க மேல தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்ததா வி.ஏ.ஓ. ஆபீசுல சொன்னாங்க. நான் ஒண்ணு சொல்லோணுமுங்க. பாரத்துல காருன்னு எழுதச் சொன்னது நானுங்க.”

எனக்குப் புரியவில்லை.

“பாப்பா பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு அழுதுட்டு உக்காந்திருந்துச்சுங்க. கிளாசுல எல்லாரும் படிப்பாங்கப்பா, குட்டியானை டிரைவர், வாடகை ஊடுன்னு எப்படிப்பா எழுதறதுன்னு கேட்டுச்சு. அப்ப எனக்கு ஒடம்பு நல்லா இருந்துச்சுங்க. எழுதிக்க கண்ணு, காருன்னு எழுது, மாடின்னு எழுது, என்ன வந்தரப் போகுதுன்னு நாந்தானுங்க சொன்னேன். அவங்கம்மாவுக்குக்கூடத் தெரியாதுங்க.”

குழாயடியில் அவள் என்னிடம் லீடரைப் பற்றிச் சொன்னாள், பவித்ராவைப் பற்றிச் சொன்னாள். அப்பாவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தன்னால்தான் அப்பாவுக்கு ஆபரேஷன் நின்றுபோகிறதோ என்று கேட்டபோதுகூடச் சொல்லவில்லை.

“நீங்க பாப்பாவை அங்க கூட்டிட்டுப் போயி எழுத வெச்சிருந்தீங்கன்னா, அது எழுதிக் குடுத்திருக்குமுங்க. எம் பேரைச் சொல்லியிருக்காது” என்றார் மாணிக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்படி எழுத வெச்சது எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் அந்த ஆபரேசனுக்குப் போயிப் படுத்திருக்க மாட்டனுங்க டீச்சர்.”

அவர் போன பிறகு மேசையில் தலையை வைத்து அழுதேன். பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் என் முன்னால் நின்றிருக்கிறாள். அந்தச் சனியும் ஞாயிறும் நான் அவளைக் காட்டிக்கொடுக்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.